ரோசேசியாவுக்குக் காபியை நிறுத்த வேண்டுமா?

முகம் சிவந்து எரிகிறது, ரோசேசியா என்ற தோல் நோய் என்றார்கள், காபியை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் சிவக்க வைப்பது காபி அல்ல, அதன் சூடு. 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 82,737 பெண் நர்ஸ்களின் தகவல்களைப் பார்த்தபோது, காபி அதிகம் குடித்தவர்களிடம் ரோசேசியா குறைவாகவே இருந்தது. அதனால் ஆவி பறக்கக் குடிக்காமல் நாலைந்து முறை ஆற்றி, டம்ளரைப் பிடித்தால் கை சுடாத பதத்தில் குடியுங்கள். ரசத்துக்கும் இதே கணக்குதான்.

மிளகாய் வேறு விஷயம். அதற்குக் காரம் தரும் கேப்சைசின், சூட்டை உணரும் அதே நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. ரத்தக் குழாய்கள் விரிந்து கன்னம் தகிக்கிறது. ஆறிப்போன காரக்குழம்பும் அதைச் செய்யும். மது பலருக்கு ஆகாது. சிலருக்குப் பட்டை, தக்காளிகூட.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒதுக்கிவிடாதீர்கள், பாவம் உடம்பு. மூன்று வாரம், சாப்பிட்டதையும் முகம் எரிந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். வெயிலில் நின்றதையும் எழுதுங்கள்; இல்லாவிட்டால் பழி சாப்பாட்டின் மேல் விழும். மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, எரிச்சலைக் கவனியுங்கள். அப்புறம், கண் சிவந்து உறுத்தினால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் போங்கள்.