ஆஸ்கர் பரிந்துரைக்குப் பின் தொலைக்காட்சி: இது இறக்கமா?

கேள்வி: 'தி இமிடேஷன் கேம்' படத்துக்காகச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற நார்வே இயக்குநர் மோர்டென் டில்டம், அதன்பின் தொலைக்காட்சித் தொடர்கள் பக்கம் போய்விட்டாரே, திரைப்பட வாய்ப்புகள் குறைந்ததுதான் காரணமா?

பதில்: அப்படி முடிவுகட்ட இடமில்லை. 1967-இல் பெர்கன் நகரில் பிறந்து நியூயார்க்கில் படித்த டில்டம், நார்வேயில் தொலைக்காட்சி, விளம்பரப் படங்கள், குறும்படங்கள் என்று தொழில் பழகிய பிறகே 2003-இல் முதல் முழுநீளப் படமான 'பட்டி'யை இயக்கினார். தன் வாழ்க்கையைத் தானே படம்பிடித்துவைக்கும் ஓர் இளைஞனின் காணொளிகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியாக மாறுவதுதான் அதன் கதையே.

அவரை உலகறியச் செய்தது, நார்வே எழுத்தாளர் ஜோ நெஸ்போவின் நாவலைத் தழுவி 2011-இல் வந்த 'ஹெட்ஹன்டர்ஸ்'. பெரிய நிறுவனங்களுக்கு உயரதிகாரிகளைத் தேடித் தருபவனும் ரகசியமாக ஓவியங்களைத் திருடுபவனுமான நாயகன், தன்னைத் துரத்துபவனிடமிருந்து தப்பிக்கக் கழிப்பறைக் குழிக்குள் இறங்கி, மலத்தில் முழுதாக மூழ்கி, காகிதச் சுருளின் அட்டைக் குழாயை வாயில் வைத்து மூச்சுவிடும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். விலையுயர்ந்த கோட்டும் சூட்டுமாக நம் முன் அறிமுகமானவனின் பகட்டு முழுவதையும், வசனமே இல்லாமல் அந்த ஒரு காட்சியில் உரித்துவிடுகிறார் டில்டம்.

மறைக்க ஏதோ ஒன்றுள்ள மனிதன்தான் அவருடைய நிரந்தர நாயகன் என்பது என் கருத்து. எட்டு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்று, தழுவல் திரைக்கதைக்கான விருதை வென்ற 'தி இமிடேஷன் கேம்' காட்டும், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ரகசியக் குறியீட்டை உடைக்க உதவிய பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஆலன் டூரிங்கும், விமர்சகர்கள் கடிந்துகொண்ட 'பாசஞ்சர்ஸ்' (2016) நாயகனும் அந்த வரிசைதான். மகன் மீது கொலைப்பழி விழுந்தபின், தான் ஒரு கொலைகாரனின் மகன் என்ற உண்மை வெளியே வரும் அரசு வழக்கறிஞரின் கதையான 'டிஃபெண்டிங் ஜேக்கப்' (2020) தொடரின் எட்டுப் பகுதிகளையும் அவர் ஒருவரே இயக்கினார். இரண்டு மணி நேரப் படத்தில் விரைந்து கடக்க வேண்டிய ஐயத்தை அங்கே நிதானமாக வளர்க்க முடிந்தது.

மேலும், 'கவுன்டர்பார்ட்', 'ஜாக் ரயன்', 'சைலோ' ஆகிய தொடர்களின் தொடக்கப் பகுதியை இயக்கியவரும் அவரே. ஒளியமைப்பு, நடிப்பின் தொனி, கதையுலகின் தோற்றம் ஆகியவை பெரும்பாலும் முதல் பகுதியிலேயே வரையறுக்கப்படுகின்றன. பின்னால் வரும் இயக்குநர்கள் அந்தத் தடத்தில்தான் நடக்கிறார்கள். தேர்ந்த கைக்கே அப்பொறுப்பைத் தருவார்கள்.

கேள்வி: அவருடைய படைப்புகளில் எதை முதலில் பார்க்கலாம்?

பதில்: தயங்காமல் 'ஹெட்ஹன்டர்ஸ்' பாருங்கள், ஆனால் சிறுவர்களை உடன் வைத்துக்கொள்ள வேண்டாம்.