மச்சான் கற்றுத் தருகிறேன் என்கிறான், போகலாமா? கைட்போர்டிங் கேள்வி பதில்

கைட்போர்டிங், அதாவது பெரிய பட்டம் (கைட்) ஒன்றை இடுப்போடு இணைத்து, அது இழுக்க, காலில் பலகையோடு (போர்டு) கடல்மேல் சறுக்கும் விளையாட்டு. அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது: ஓட்டத் தெரிந்த நண்பன் இருக்கிறான், அவனிடமே கற்றுக்கொண்டால் என்ன? என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எட்டு வருடமாக ராமேஸ்வரம் பக்கமும் இலங்கையில் கற்பிட்டியிலும் ஓட்டுகிறேன். பயிற்சியாளர் சான்றிதழ் கிடையாது, கற்றுத் தருவது என் தொழிலும் இல்லை.

சேலத்திலிருந்து: அண்ணா, என் நண்பன் மூன்று வருடமாக ஓட்டுகிறான். கைட்போர்டிங் பள்ளிக்குக் கட்டுகிற பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் பழைய கைட் ஒன்றே வாங்கிவிடலாம், நானே சொல்லித் தருகிறேன் என்கிறான். சரிதானே?

கணக்கு சரிதான் தம்பி. ஆனால் அந்த அனுபவசாலி நண்பனாக நான் ஒருமுறை இருந்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

ஒரு ஜூன் மாதம், தென்மேற்குக் காற்று நன்றாகப் பிடித்திருந்த சமயம். மதுரையிலிருந்து என் மச்சான் வந்திருந்தான். அவன் எடை அறுபத்திரண்டு கிலோ, நான் எண்பத்தைந்து. எனக்குச் சரியாக இருந்த 12 மீட்டர் கைட்டையே (துணியின் பரப்பு 12 சதுர மீட்டர் என்று அர்த்தம்) அவனுக்கும் மாட்டிவிட்டேன், ஏனென்றால் அன்று காரில் வேறு அளவு இல்லை. இடுப்பில் கட்டும் பட்டையான ஹார்னஸை இறுக்கி, கைட்டைத் திருப்பும் கைப்பிடிக் கம்பான பாரைக் கையில் கொடுத்து, "பயப்படாதே, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நான் போய் நின்ற இடம் எது தெரியுமா? கைட்டைப் பிடித்துக்கொண்டு அதன் கயிறான லைனின் மறுமுனையில், அவனிடமிருந்து இருபத்து நாலு மீட்டர் தள்ளி. நான் விட்டதும் கைட் மேலே போனது, அவன் பயத்தில் பாரை மார்போடு சேர்த்து இழுத்தான், இழுத்தால் இன்னும் பலமாக இழுக்கும் என்பது அவன் மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. "விடு! பாரை விடு!" என்று கத்தினேன். காற்று என் முகத்தில் அடிக்கிறது, சத்தம் பாதி என் பின்னால் போய்விட்டது. பிறகு ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னான்: அவன் காதில் விழுந்தது "பிடி". ஈர மணலில் பத்துப் பதினைந்து மீட்டர் வயிற்றால் உழுதுகொண்டு போனான், கழுத்துப்பட்டை எலும்பில் விரிசல்.

நான் நன்றாக ஓட்டுவேனா மாட்டேனா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நண்பன் ஒருவன் மட்டும் கூட இருந்தால், அவன் கைட்டைப் பிடிக்கப் போனவுடன் உங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. பள்ளியில் பயிற்சியாளர் உங்கள் ஹார்னஸின் பின்புறப் பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கைட்டை வேறொருவர் தூக்கிவிடுவார், முதல் மணி நேரம் ஓடுவதும் சின்னக் கைட்டாக இருக்கும். கடலில் இறங்கினால் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ, கூடவே படகு. நீங்கள் பணம் கொடுப்பது இதற்குத்தான். முதல் ஒன்பது பன்னிரண்டு மணி நேரத்தை அங்கே முடியுங்கள், மூன்று நாலு நாள் ஆகும். அதற்கப்புறம் நண்பன் தங்கம்.

வல்வெட்டித்துறையிலிருந்து: சின்ன வயதிலிருந்து பட்டம் விடுகிறேன். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் எங்கள் ஊரில் பட்டப் போட்டி. இந்த அனுபவம் உதவுமா?

மிக நல்ல கேள்வி. பாதி உதவும், பாதி கெடுக்கும்.

உதவுவது கண். காற்று எங்கே கனக்கிறது, எங்கே ஓட்டை விழுகிறது, முச்சை (பட்டத்தை நூலோடு இணைக்கும் கட்டு) ஒரு விரல் மாறினால் பட்டம் எப்படித் தலைகுத்தும் என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். கைட்டிலும் முச்சை இருக்கிறது, பிரைடில் என்பார்கள். கெடுப்பது கை. பட்டம் விடுகிறவர் இழுப்பு அதிகமானால் நூலை விட்டுக் கொடுப்பார், தொய்ந்தால் சுண்டி இழுப்பார். இங்கே விட்டுக் கொடுக்க நூல் கிடையாது. நாலு லைனும் அளவெடுத்தது, கைட் உங்கள் இடுப்பில் கட்டியிருக்கிறது. இழுப்பைக் குறைக்க ஒரே வழி பாரை உங்களிடமிருந்து தள்ளிவிடுவது, முடியாவிட்டால் கையை எடுத்தே விடுவது. பாரை விட்டாலும் கைட் ஓடிப்போகாது, முன் லைன் இரண்டும் ஹார்னஸில் மாட்டியிருக்கின்றன, இழுப்பு இறங்கி காற்றில் படபடக்கும், அவ்வளவுதான். எதுவுமே தெரியாமல் வருகிறவரைவிட நீங்கள் இதை ஒரு நாள் கூடுதலாகப் பழக வேண்டியிருக்கும். அப்புறம் எல்லாரையும் முந்திவிடுவீர்கள்.

சென்னையிலிருந்து: நீச்சல் அவ்வளவாக வராது. இடுப்பளவு தண்ணீர்தானே?

வேண்டாம். முதலில் நீச்சல். இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து கழுத்தளவுக்குக் கைட் உங்களை இழுத்துப் போக அரை நிமிடம் போதும்.

கோயம்புத்தூரிலிருந்து: நண்பரிடம் 12 மீட்டர் கைட்தான் இருக்கிறது. என் எடை 58. காற்று குறைவான நாளாகப் பார்த்துப் போனால் போதாதா?

காலையில் குறைவாக இருக்கும், மத்தியானம் இருக்காது, அதுதான் சிக்கல். காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 14 நாட் காற்று 20 நாட் ஆனால் பார்க்க ஆறு நாட்தான் கூடுதல், ஆனால் கைட் இழுப்பது இரண்டு மடங்கு. (ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர்.) ஒரு ஆள் இழுத்த இடத்தில் இரண்டு ஆள் இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபத்தைந்து கிலோ ஆள் 12 மீட்டரை 15 முதல் 18 நாட் காற்றில் வசதியாக ஓட்டுவார். நீங்கள் அதே காற்றில் 9 அல்லது 10 எடுக்க வேண்டும், கற்றுக்கொள்ளும்போது அதற்கும் கீழே. நண்பருடைய கைட் நண்பருடைய உடம்புக்கு வாங்கியது. செருப்பை மாற்றிப் போடலாம், இதை முடியாது.

தூத்துக்குடியிலிருந்து: எங்கே, எந்த மாதம் போகலாம்? ராமேஸ்வரத்தில் ஒரு பக்கம் கடல் குளம் மாதிரி இருக்கிறதே, அங்கே நாங்களாகவே பழகலாமா?

மாதம் சுலபம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் வரை வடகிழக்கு. கற்பிட்டிக்கும் கிட்டத்தட்ட இதே கணக்கு. அங்கே கச்சான் (தென்மேற்குக் காற்றை அங்கே அப்படிச் சொல்வார்கள்) வீசும் மாதங்களில் காற்று இன்னும் பலமாக, நாள் தவறாமல் இருக்கும், மணல்திட்டுக்குப் பின்னால் அலையில்லாத களப்பு இருக்கிறது, அதனால் கற்க வருகிறவர்கள் அதிகம்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். ராமேஸ்வரத்து மீனவர்கள் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று மாதங்களில் வடகரை குளம்போலக் கிடக்கும். ஏன் அப்படி? காற்று நிலத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகிறது, அதனால் கரையோரம் அலை எழும்ப இடமில்லை. அதாவது போர்டு காலிலிருந்து கழன்றால் அதே காற்று உங்களை நடுக்கடலுக்குத் தள்ளும், அந்தத் திசையில் கொஞ்சம் தூரத்தில் சர்வதேச எல்லையும் இருக்கிறது. வடகிழக்குக் காற்றில் இதுவே தென்கரைக்குப் பொருந்தும். பள்ளிக்காரர்கள் அந்தத் தண்ணீரில் கற்றுத் தருகிறார்களே என்றால், அவர்களிடம் படகு நிற்கிறது. உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் காற்று கரைக்குப் பக்கவாட்டில் வீசும் இடமாகப் பாருங்கள். கரையை நோக்கி நேராக வீசுவதும் ஆகாது, தூக்கிக் கரையில் அடித்துவிடும். சந்தேகமாக இருந்தால் வலை காயப்போடுகிற ஒரு பெரியவரிடம் "இன்றைக்குக் காற்று எப்படி ஐயா, மத்தியானம் ஏறுமா?" என்று கேளுங்கள். ஆப்பில் பார்த்ததைவிட அவர் சொன்னது சரியாக இருந்த நாட்கள் எனக்கு அதிகம்.

பெங்களூரிலிருந்து: என் கணவர்தான் சொல்லித் தருகிறார். முதல் நாளே சண்டை. "பன்னிரண்டுக்குக் கொண்டு போ" என்று கத்துகிறார், எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அக்கா, கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்த கணவர்கள் எல்லாரும் வாங்கிய பெயர்தான் இதுவும். அவர் தவறாகச் சொல்லவில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் முன்னால் பாதிக் கடிகாரம் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: நேர் தலைக்கு மேல் 12, இடது கை நீட்டிய பக்கம் 9, வலது பக்கம் 3. ஓரங்களிலும் உச்சியிலும் கைட் சாதுவாக இருக்கும். நேர் எதிரே, கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தால் பேய் இழுப்பு. இதை அவர் கரையில் உட்கார்ந்து மணலில் வரைந்து காட்டியிருக்க வேண்டும். நன்றாக ஓட்டுகிறவர்களுக்கு இது உடம்பில் ஊறிப்போய்விடுகிறது, வார்த்தை மறந்துவிடுகிறது. ஒரு யோசனை: அவரைப் போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பள்ளியில் சேர்ந்துவிடுங்கள்.

புதுச்சேரியிலிருந்து: நான்தான் அந்த நண்பன். என் தோழன் பயிற்சி முடித்துவிட்டு வருகிறான். கரையில் நான் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

லைன்களை அவனே விரித்து அவனே நடந்து பார்க்கட்டும், நீங்கள் மறுமுனையிலிருந்து பிரைடிலில் முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கைட்டைத் தூக்கிப் பிடித்ததும் அவனை வலது கையை லேசாக இழுக்கச் சொல்லுங்கள், கைட்டின் வலது முனை அசைய வேண்டும். இடது முனை அசைந்தால் மாற்றி மாட்டியிருக்கிறான், கீழே வைத்துவிடுங்கள். துணி படபடவென்று அடித்துக்கொண்டால் அவன் காற்று வரும் பக்கமாக இரண்டு மூன்று அடி நகர வேண்டும். பாய் மாதிரி விம்மி உங்களையே இழுத்தால் கைட் நடுவுக்குள் வந்துவிட்டது, அப்போது எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். அவன் கட்டைவிரல் காட்டிய பிறகே விடுங்கள். தூக்கி எறிய வேண்டாம், கையை எடுத்தால் போதும், அதுவே ஏறும். காற்று போகும் பக்கம் குறைந்தது ஐம்பது மீட்டருக்குப் படகு, கட்டை, கல், குழந்தைகள் எதுவும் இருக்கக் கூடாது.

இறக்கும்போது முன்விளிம்பின் நடுவில் பிடியுங்கள். லைனை மட்டும் தொடவே தொடாதீர்கள், இழுவை ஏறினால் அது விரலை அறுக்கும். பிடித்ததும் முன்விளிம்பைக் காற்றுக்கு எதிராகக் கவிழ்த்துத் துணியின் மேல் மணல் போடுங்கள்.

கடலுக்குப் போகும் முன் இன்னொன்று. பாரை மாட்டிக்கொண்டு, கைட் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு குவிக் ரிலீஸை (ஆபத்தில் கைட்டின் இழுப்பிலிருந்து விடுபடத் தள்ளும் பிடி) பத்துத் தடவை தள்ளித் திறக்கச் சொல்லுங்கள். நாலாவது தடவைக்கே சலித்துக்கொள்வான். பத்தும் செய்யட்டும்.

அப்புறம், "இன்று வேண்டாம், வா டீ குடிக்கலாம்" என்று சொல்லத் தெரிய வேண்டும். அவன் லீவு போட்டு, ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்திருப்பான், முகத்தைத் தொங்கப் போடுவான். தூரத்தில் கறுப்பு மேகம் கட்டி நின்றால், அது வந்து சேரும் முன்னால் காற்று சட்டென்று விழுந்து மறுபடி அறைந்தாற்போல் ஏறும். எனக்கே இதைச் சொல்ல ஒருத்தர் தேவைப்படுகிறது.

கொழும்பிலிருந்து: நண்பர் பழைய செட் ஒன்றை மலிவாகத் தருகிறார். எடுக்கலாமா?

எந்த வருடத்தது என்று கேளுங்கள். காற்றடைத்த குழாய் வைத்த கைட்டுக்குப் பிரான்ஸின் லெகெனு சகோதரர்கள் 1984-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார்கள், ஆனால் பாரைத் தள்ளினால் இழுப்பு ஏறக்குறைய முழுதாக இறங்கும் வடிவம் கடைக்கு வந்தது 2005 வாக்கில். அதற்கு முந்தைய C வடிவக் கைட் என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். புதியதாக இருந்தாலும் காற்றடைத்து இரண்டு மணி நேரம் வைத்துப் பாருங்கள், இறங்குகிறதா என்று. போர்டைக் காலில் கட்டும் கயிறு கூடவே தருகிறேன் என்றால் அதை அவரிடமே விட்டுவிடுங்கள், விழும்போது போர்டு ரப்பர் மாதிரி திரும்பிவந்து பின்மண்டையில் அடிக்கும்.

திருநெல்வேலியிலிருந்து: அந்த மதுரை மச்சான் இப்போது ஓட்டுகிறாரா?

ஓட்டுகிறான். அடுத்த வருடமே கற்பிட்டியில் ஒரு பள்ளியில் நாலு நாள் கற்றான், நான் கரையில் உட்கார்ந்து வெயில் காய்ந்தேன். முதலில் போர்டே இல்லாமல் தண்ணீரில் உடம்பை இழுக்கவிட்டுப் பழகுவது, அப்புறம் போர்டு, அப்புறம் எழுந்து நின்று, காற்றோடு அடித்துக்கொண்டு போய்விட்டு, போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கரையோரமாகவே ஒரு கிலோமீட்டர் திரும்பி நடப்பது. எல்லாரும் நடந்த நடைதான். நாலாம் நாள் மூன்று தடவை நடந்தான்.

இப்போது நாங்கள் கத்துவதே இல்லை. கைட்டை விட்டதும் மறுமுனையில் நிற்பவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே விரித்துக் காட்டினால் பாரை விட வேண்டும், யோசிக்காமல். போன ஜூலையில் அந்தக் கையை அவன்தான் எனக்குக் காட்டினான். பின்னால் திடீரென்று ஏறிய காற்றை நான் பார்க்கவில்லை. விட்டேன்.