வெட்கம் யாருக்கு இல்லை?

கேள்வி: யுத்த காலத்தில் எவ்வளவு கஷ்டத்திலும் நேர்மையாக வாழ்ந்த வன்னிச் சனம், இன்று நாலைந்து கொம்பனிகளில் கடன் எடுத்துவிட்டு, லோன்காரர் வரும் நாளில் கதவைப் பூட்டிக்கொண்டு ஒளிக்கிறதே. சண்டை முடிந்ததும் மானமும் மரியாதையும் போய்விட்டதா?
(வாசகர் ஒருவர், கிளிநொச்சி)

பதில்: கதவைத் தட்டுகிறவரின் கையில் இருக்கும் கொப்பியையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட சனம் இது. லீசிங் கொம்பனியே எட்டிப் பார்க்காத ஊரில் கடன்படாமல் இருந்ததற்கு நற்சான்றிதழ் கொடுக்கிறீர்கள்! 2009க்குப் பிறகு, நகையும் மாடும் இழந்து முகாமிலிருந்து திரும்பியவர்களுக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபாய் கிடைத்தது, கட்டம் கட்டமாக. ஒரு கட்டத்தை முடித்துக் காட்டினால்தான் அடுத்த காசு. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வீடு கட்ட மணலும் கல்லும் மேசன் கூலியும் ஏறின. அத்திவாரத்தோடு நின்றவர் கைமாற்றுக்கு எங்கே போவார்? வாசலுக்கே வந்தது நுண்கடன்.

அந்தக் கடனுக்குப் பிணை காணியுமில்லை, நகையுமில்லை, பக்கத்து வீட்டுக்காரிதான். மூன்று பேரோ ஐந்து பேரோ ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். சீட்டுப் பிடித்தும், செத்தவீட்டுக்கு அரிசி கொடுத்தும் வளர்ந்த அயலட்டை நம்பிக்கையைத்தான் அடகுக்கு வாங்கினார்கள். ஒருத்தி தவறியதும் மற்றவர்களே அவள் படலையில் போய் நிற்கிறார்கள். அவள் கதவைப் பூட்டுவது வெட்கம் கெட்டதால் அல்ல, வெட்கம் மிச்சம் இருப்பதால்.

வட்டிக்கு வருவோம். 50,000 ரூபாய் கடன், வருடத்துக்கு 24 வீதம், 52 கிழமைத் தவணை என்று வையுங்கள். வட்டி 12,000; கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபாய். முதலாம் கிழமையிலிருந்தே கடனின் முதல்தொகை குறைந்துகொண்டு வருகிறது, வட்டியோ முழு 50,000க்கும் போடப்படுகிறது. உண்மை வீதம் 44க்குக் கிட்ட. முன்கூட்டியே கழிக்கும் கட்டணங்கள் வேறு. கூலி கிடைக்காத மழைக் கிழமையிலும் தவணை உண்டு. அதைக் கட்ட இரண்டாவது கொம்பனி, அதற்குக் கட்ட மூன்றாவது. நீங்கள் எண்ணிய அந்த 'நாலைந்து' இப்படிச் சேர்ந்ததுதான். ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் 2018இல் வந்தபோது 220 வீதம் வரையான வட்டியைப் பதிவு செய்தார்.

அதே வருடம் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்தது. மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் விட்டவர்களுக்குத்தான் அது. தோட்டை அடகு வைத்து ஒரு கிழமையும் தவறாமல் கட்டியவளுக்கு ஒரு சதமும் இல்லை. நேர்மையைப் பற்றி அவளிடம் போய்க் கேளுங்கள் ஐயா, என்னிடம் வேண்டாம்.