பனிக்காலத்தில் இஞ்சினைப் பிரிக்கப்போகும் தம்பிக்கு

தம்பி, 1990ஆம் ஆண்டு மஸ்டங் வாங்கியிருப்பதாகவும், அதன் 302 கன அங்குல இஞ்சினை இந்தக் குளிர்காலத்தில் பிரித்துப் பலப்படுத்திக் நேர்கோட்டுப் பந்தயத் தடத்தில் கால் மைலை 11 விநாடியில் ஓட ஆசைப்படுவதாகவும், சாலையிலும் அதே காரை ஓட்ட வேண்டும் என்றும் டெட்ராய்ட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தீபாவளிக்குக் கிருஷ்ணகிரி வந்திருக்கிறேன். உங்கள் அப்பாவைப் பார்த்தேன். பனியில் பையன் அறைக்குள்ளேயே அடைந்துகிடப்பானோ என்பதுதான் அவர் கவலை. இந்த வேலை உங்களுக்கு நல்லதென்றே சொன்னேன்.

முதலில் இலக்கைத் தளர்த்துங்கள். 11.60 விநாடி போதும். இந்தப் பந்தயங்களை நடத்தும் அமெரிக்கச் சங்கமான என்எச்ஆர்ஏவின் விதிப்படி 11.49 அல்லது அதைவிட வேகமாக ஓடும் உங்கள் காலத்துக் காருக்கு ரோல் பார் (கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் குழாய்) கட்டாயம். தடத்தில் ஹெல்மெட் இருக்கும், சாலையில் வெறுந்தலை. விபத்தில் அந்த இரும்புக் குழாயில் தலை மோதினால் என்னவாகும் என்று யோசியுங்கள். சாலையில் ஓடும் காரில் அது வேண்டாம்.

நீங்கள் ஏறி உட்கார்ந்தபின் கார் 3,400 பவுண்டு இருந்தால், 11.60க்கு ஏறக்குறைய 430 குதிரைத்திறன் தேவை. கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்தது 225. அந்தப் பழைய பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த இஞ்சின் உடல்) 500ஐத் தாண்டினால் நடுவில் பிளந்துவிடுவது ஊரறிந்த சங்கதி. ஆகவே 430 என்பது அது தாங்கும் அளவுக்குள்தான் வருகிறது. சிலிண்டரை 0.030 அங்குலம் போரிங் செய்து அகலப்படுத்தி, பிஸ்டன் 3.40 அங்குலம் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக் கிராங்க் போட்டால் இஞ்சின் கொள்ளளவு 347 கன அங்குலம். சிலிண்டர்களுக்கு மேலே நல்ல அலுமினிய ஹெட் வைத்து, கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் கலவை நசுங்கும் விகிதத்தை) 10:1 அளவில் நிறுத்தினால் பங்கில் கிடைக்கும் 93 ஆக்டேன் பெட்ரோலே போதும்.

பலரும் சறுக்குவது வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டில்தான். பெரிய கேம் போட்டால் ஐடிலில் (கார் நின்றபடி இஞ்சின் ஓடும்போது) இஞ்சின் உறிஞ்சும் வேக்கம் குறையும். பிரேக்கை மிதிக்கும் காலுக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டர் அந்த வேக்கத்தை நம்பித்தான் இருக்கிறது. தொப்பூர் இறக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பிரேக்கின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கேம் விற்பவரிடம் காரின் எடை, கியர், ஓட்டும் விதம் எல்லாவற்றையும் சொல்லி, அவர் தருவதில் சிறியதையே எடுங்கள்.

ஓசூர் லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் பிடித்த கை உங்களுடையது. அமெரிக்காவில் பாகங்களை வாங்கிவந்து அப்படியே பூட்டுபவர்களுக்கு இல்லாத பலம் அது. பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவேயுள்ள இடைவெளியை ஒவ்வொரு சிலிண்டரிலும் நீங்களே அளந்து அராவுங்கள். டர்போ இல்லாத இஞ்சினுக்கு, சிலிண்டர் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.0045 என்ற கணக்கில் சுமார் 0.018 அங்குலம். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இன்டேக் பக்கம் 0.080, எக்ஸாஸ்ட் பக்கம் 0.100 அங்குலமாவது இருக்கட்டும். பேரிங் கிளியரன்ஸையும் (பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவேயுள்ள இடைவெளி) பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பாமல் அளந்து பாருங்கள்.

போரிங்கையும், சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங்கையும் பட்டறையில்தான் செய்ய வேண்டும். இப்போதே தேதி வாங்கிவிடுங்கள். பனி விழுந்ததும் மிச்சிகனில் இருக்கும் பந்தயக்காரர் எல்லாரும் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போவார்கள். ஜனவரியில் போனால் சித்திரை வரைக்கும் காத்திருக்க நேரும். ஹோனிங்கின்போது ஹெட்டுக்குப் பதிலாக டார்க் பிளேட் என்ற கனத்த தகட்டைப் பூட்டுவார்களா என்று கேளுங்கள். ஹெட்டை இறுக்கும்போது சிலிண்டர் நெளிவதைக் கணக்கில் எடுக்க அதுதான் வழி.

மூடிய கராஜில் கேஸ் ஹீட்டர் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அலாரம் ஒன்று மாட்டியே ஆக வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் சூட்டில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். இந்த இரண்டிலும் நான் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுக்குமாடி வாடகை வீடுகளில் இஞ்சின் பிரிக்கப் பெரும்பாலும் அனுமதி இருக்காது, ஒப்பந்தத்தைப் படியுங்கள். கராஜ் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்களோடு பழகுங்கள். மிச்சிகனில் இருக்கும் மைலன் (Milan) பந்தயத் தடத்துக்குப் போய்வருபவர்களில் கருவியும் இடமும் தந்து உதவுபவர்கள் நிறைய. முதல் குளிர்காலத்தின் தனிமையை விரட்ட, கை அழுக்கான நாலு பேர் நட்பைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. மற்றபடி, உப்புக் கொட்டிய சாலையில் மஸ்டங்கை இறக்காதீர்கள்; வேலைக்குப் போக ஒரு பழைய சின்னக் கார் வாங்கிவிடுங்கள்.

கார்த்திகைக்கு முன் திரும்பிவிடுவேன். சிலிண்டர் விட்டத்தை அளக்கும் என் டயல் போர் கேஜை எடுத்துக்கொண்டு வருகிறேன். அதுவரை ஹெட்டைக் கழற்ற வேண்டாம். கம்ப்ரஷன் சோதனை மட்டும் எட்டு சிலிண்டருக்கும் செய்து எண்களை எழுதிவையுங்கள்.