டம்பெல்லை இறக்கும்போது எந்தத் தசை வேலை செய்கிறது?

இறக்கும்போதும் மேல்கையின் முன்தசையான பைசெப்ஸ்தான். பின்தசையான ட்ரைசெப்ஸ் அந்த நேரத்தில் ஏறக்குறைய சும்மாதான் இருக்கும்.

நீங்கள் கேட்டது இது: டம்பெல் தூக்கும்போது பைசெப்ஸ், இறக்கும்போது ட்ரைசெப்ஸ் என்று ஜிம்மில் சொல்கிறார்கள், அப்படியென்றால் மறுநாள் கையின் முன்பக்கம் மட்டும் ஏன் வலிக்கிறது? நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இங்கே வருகிற பையன்களும் இதையேதான் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: கை மடங்கினால் முன்தசை, நீண்டால் பின்தசை. ஆனால் அந்தக் கணக்கில் டம்பெல்லின் எடையைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

தசைக்குத் தெரிந்தது இழுப்பது மட்டும்தான், தள்ளத் தெரியாது. நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் தசை இழைக்குள் கால்சியம் வெளிப்படும். உடனே மயோசின் என்ற புரதத்தின் தலைகள் பக்கத்தில் இருக்கும் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுக்கும், விடும், மறுபடி பற்றும். இழைகள் ஒன்றுக்குள் ஒன்று சறுக்குவதால்தான் தசை சுருங்குகிறது என்பதை 1954இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. இழுக்க மட்டுமே முடியும் என்பதால்தான் மூட்டின் இரண்டு பக்கமும் தசை வைத்திருக்கிறது உடம்பு. நாம் சுவரைத் தள்ளும்போதுகூட உள்ளே ட்ரைசெப்ஸ் முழங்கை எலும்பை இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

சரி, இப்போது இறக்குவதற்கு வருவோம். டம்பெல்லைக் கீழே கொண்டுபோக யாரும் இழுக்க வேண்டாம், புவியீர்ப்பே இழுத்துவிடும். உங்கள் வேலை அதைத் தடுத்துத் தடுத்து விடுவதுதான். கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவோமே, அந்த மாதிரி. பைசெப்ஸ் இழுத்துக்கொண்டே நீள்கிறது. ட்ரைசெப்ஸும் கூட இழுத்தால் எடை இன்னும் வேகமாகத்தான் விழும். சோதித்துப் பார்க்கலாம்: வலது கையால் மெதுவாக எடையை இறக்கிக்கொண்டே இடது கை விரல்களால் வலது மேல்கையின் பின்பக்கத்தைத் தொடுங்கள், தளர்வாக இருக்கும். அப்புறம் அதே கையை மேசைமேல் வைத்து அழுத்துங்கள், இறுகிவிடும். முழங்கை நகரவே இல்லை, ஆனால் ட்ரைசெப்ஸ் வேலை செய்கிறது.

ஒரு பக்கத் தசை இயங்கும்போது எதிர்ப்பக்கத் தசையைத் தளர்த்தச் சொல்வது முதுகுத்தண்டு. சார்லஸ் ஷெரிங்டன் இதை விரிவாக ஆராய்ந்தவர். நரம்பணுக்களின் செயல்பாட்டுக்காக 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். புதிதாக ஜிம்முக்கு வருகிறவர்கள் பயத்தில் இரண்டு பக்கமும் இறுக்கிக்கொள்வது உண்டு, பழகப் பழகக் குறையும். டம்பெல்லை வேண்டுமென்றே வேகமாகக் கீழே அடித்தாலும் ட்ரைசெப்ஸ் இயங்கும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள்.

முழங்கைக்கு இந்த வேலை எவ்வளவு கடினம் என்று பாருங்கள். பைசெப்ஸ் முன்கை எலும்பில் ஒட்டும் இடம் மூட்டிலிருந்து 4, 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. உள்ளங்கையோ 35 செ.மீ. வாக்கில் தள்ளி இருக்கிறது. கை செங்கோணத்தில் இருக்கும்போது 5 கிலோ டம்பெல்லைப் பிடித்து நிறுத்த, முழங்கையை மடக்கும் தசைகள் சேர்ந்து சுமார் 35 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். பலத்தில் நஷ்டம், வேகத்தில் லாபம்: தசை சில செ.மீ. சுருங்கினாலே கை பெரிய வளைவாக வீசிப்போகும்.

எங்கள் ஊரைச் சுற்றிச் செம்பனைதான், அதாவது எண்ணெய்ப் பனை. குலை வெட்டுகிறவர்கள் நீளக் கம்பின் முனையில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். கம்பைத் தூக்கிப் பிடித்திருக்கும் நேரம் முழுக்கத் தோள் தசை சுருங்கவும் இல்லை நீளவும் இல்லை. ஆனால் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. தோளும் கழுத்தும் கடுக்கிறது என்று அவர்கள் சொல்வதில் வியப்பில்லை. மட்டையை வெட்டக் கையைக் கீழே இழுக்கும்போது முதுகின் பக்கத் தசைகள் சுருங்குகின்றன. கை கீழேதான் வருகிறது, ஆனால் அங்கே எதிர்ப்பது மட்டை. ஆகவே எந்தத் தசை என்று குழம்பும்போது பாரம் அந்த மூட்டினை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள், அதற்கு எதிர்ப்பக்கத் தசைதான் விடை. புஷ்-அப்பில் இறங்கும்போதும் மார்பும் ட்ரைசெப்ஸும்தான்.

இனி வலி. நீண்டுகொண்டே இழுக்கும் தசை அதிக விசையைத் தாங்கும், ஆனால் குறைந்த ஆக்சிஜனே செலவழிக்கும். 1952இல் இங்கிலாந்தில் இரண்டு சைக்கிள்களை முதுகுக்கு முதுகாகச் சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, இன்னொருவர் அதைத் தடுக்க வேண்டும். தடுத்தவருக்கு ஆன ஆக்சிஜன் செலவு, மிதித்தவருடையதைவிட மிகவும் குறைவு. மூச்சு வாங்காது என்பதால் நாமும் தாராளமாகச் செய்துவிடுகிறோம். குறைவான இழைகள் பெரிய விசையை ஏற்பதால் நுண்ணிய கிழிசல்கள் விழுந்து, ஒன்று முதல் மூன்று நாளில் வலி உச்சத்துக்குப் போகும். பத்துமலையில் 272 படி ஏறும்போது மூச்சு வாங்கும். மறுநாள் தொடையின் முன்பக்கம் பிடித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இறங்கியதுதான் காரணம். லாக்டிக் அமிலம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது உடற்பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே இரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும்.

ஆக, உங்கள் கையின் முன்பக்க வலி சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. இரண்டு மூன்று விநாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள், எடையைக் கொஞ்ச நாள் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை இப்படி வலித்த தசைக்கு அடுத்த சில வாரங்கள் அதே வேலை அவ்வளவு வலிக்காது. வலியோடு கை நன்றாக வீங்கினாலோ, சிறுநீர் கோப்பி நிறத்தில் போனாலோ மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.