அடைக்கலக்குருவிக்கு என்ன ஆச்சு? ராமநாதபுரம் கடலோரத்து ஊர்ப் பறவைகள்: கேள்வி பதில்

நம் கடலோர ஊர்களில் கண்ணுக்குப் பழகிய பறவைகள் குறைந்து வருவதைப் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இந்த மாவட்டத்துக் கண்மாய்க் கரைகளிலும் மீன் இறங்குதளங்களிலும் பறவை பார்த்துத் திரிபவன். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கீழக்கரையிலிருந்து: எங்க பழைய வீட்டில் சுவரில் மாட்டின போட்டோவுக்குப் பின்னாடியெல்லாம் அடைக்கலக்குருவி கூடு கட்டும் சார். வீட்டை இடிச்சுப் புதுசாக் கட்டி நாலஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப ஒண்ணுகூடக் கண்ணில் படலை. எங்கே போயிருக்கும்?

எங்கேயும் போயிருக்காது அம்மா. அதுதான் வருத்தம். அடைக்கலக்குருவி என்கிற சிட்டுக்குருவி இடம் பெயர்ந்து தூரம் போகிற பறவை இல்லை. பிறந்த இடத்தைச் சுற்றி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் அதன் ஆயுசு முடிந்துவிடும். கூட்டமாகத்தான் வாழும், பக்கத்துப் பக்கத்திலேதான் கூடு கட்டும். ஒரு தெருவில் அடுத்தடுத்து வீடுகளை இடித்துக் கட்டும்போது, அந்தத் தெருக் கூட்டத்துக்குக் குஞ்சு பொரிக்க இடம் இல்லாமல் போகிறது. இருக்கிற கிழக் குருவிகள் ஒவ்வொன்றாகக் கழிய, புதுசு வருவதில்லை.

உங்கள் பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள். நாட்டு ஓடு, பனஞ்சட்டம், சட்டம் சுவரில் உட்காரும் இடத்தில் ஒரு விரக்கடை இடைவெளி, காரை உதிர்ந்த பொந்து, எப்போதும் திறந்து கிடக்கிற முற்றம். முற்றத்தில் யாராவது சுளகு வைத்து அரிசி புடைப்பார்கள். இப்போது கண்ணாடி ஜன்னல், கொசுவலை, ஏசி. அரிசி கல் நீக்கிப் பையில் வருகிறது. பலசரக்குக் கடையிலேயே வாய் திறந்த சாக்கு மூட்டை அபூர்வம். குருவி நம்மை விட்டுப் போகவில்லை. அது வீட்டுக்குள் வருகிற வழியை நாம் அடைத்துவிட்டோம்.

ராமநாதபுரத்திலிருந்து: செல்போன் டவர் கதிர்வீச்சுதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்களே ஐயா, உண்மையா?

டவரால்தான் குருவி அழிந்தது என்று இதுவரை நிரூபணம் ஆகவில்லை தம்பி. பிரிட்டனில் சிட்டுக்குருவி சரியத் தொடங்கியது 1970களில். அப்போது செல்போன் கிடையாது. 2002-இல் அங்கே அதை, அதிகக் கவனம் தேவைப்படும் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் நாட்டில் செல்போன் வந்ததே 1995-இல்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையில், சிட்டுக்குருவி நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 25 ஆண்டுகளாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்று வந்தது. ஆனால் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்துகொண்டே போகிறது. அழிந்துவிட்டது என்பது மிகை, நகரத்துக்குள் இடம் இழக்கிறது என்பதே சரி. நம் பக்கமும் அப்படித்தான். கடற்கரைக் குப்பங்களில், ஓலைக் கொட்டகையும் ஆட்டுப்பட்டியும் உள்ள இடங்களில் இன்னும் சத்தம் கேட்கிறது. ராமநாதபுரம் டவுனுக்குள் புதுத் தெருக்களில் இல்லை. டவரைக் குற்றம் சொல்லிவிட்டால் நாம் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை என்றாகிவிடும். எனக்கு அதில்தான் உறுத்தல்.

மண்டபத்திலிருந்து: மரப்பெட்டி வாங்கி மாட்டிவிட்டேன். தினமும் கம்பும் நொய்யும் போடுகிறேன். குருவி வந்து தின்றுவிட்டுப் போகிறது, கூடு கட்டவே மாட்டேன் என்கிறது. கட்டின ஒன்றும் குஞ்சு செத்துக் கிடந்தது. என்ன தப்பு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் நல்ல மனசோடு பெட்டி மாட்டுகிற பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

வளர்ந்த குருவிதான் தானியம் தின்னும். குஞ்சுக்கு, அதுவும் பொரித்த முதல் சில நாட்களுக்கு, பூச்சிதான் சாப்பாடு. பச்சைப் புழு, சின்ன வெட்டுக்கிளி, அசுவினி, சிலந்தி. பாம்பனில் ஒரு மீன் கொட்டகையின் இரும்புக் குழாய் முனையில் இருந்த கூட்டை நெடுநேரம் பார்த்தேன். கறுத்த தொண்டையுள்ள ஆண் குருவி எதிர்ப் பூவரசு மரத்திலிருந்து ஒரு புழுவைக் கவ்வி வரும், குழாய் விளிம்பில் இரண்டு மூன்று தரம் அடிக்கும், துவண்டதும் உள்ளே தலையை நீட்டும். உள்ளே மஞ்சள் ஓரம் போட்ட வாய்கள் மட்டும்தான் தெரியும். புழு உள்ளே இறங்கினதும் திரும்ப அந்த மரத்துக்கே பறக்கும். கொட்டகைக்குக் கீழே தரையில் அரிசி சிந்திக் கிடந்தது. குஞ்சுக்கென்று அதில் ஒரு மணியைக்கூட அது எடுக்கவில்லை.

அந்தப் பூவரசுக்கு மருந்து அடித்திருந்தால் குஞ்சு பட்டினி. அல்லது மருந்துபட்ட புழுவைத் தின்று சாவு. உங்கள் வீட்டுக் குஞ்சுக்கு என்ன ஆனது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் சுற்றிலும் சிமெண்ட் தரை, செம்பருத்திக்கு மாதம் ஒரு ஸ்ப்ரே, சாயங்காலம் கொசுப்புகை என்று இருந்தால், நீங்கள் எவ்வளவு கம்பு போட்டாலும் கூடு தேறாது. தானியம் போடுவதைவிட மருந்தை நிறுத்துவதுதான் முதல் வேலை. கொல்லையில் ஒரு மூலையைக் கூட்டிப் பெருக்காமல் விடுங்கள். முருங்கை, மருதாணி, அடர்த்தியான வேலி எதுவானாலும் சரி. முருங்கையில் கம்பளிப்பூச்சி வருகிறதே என்று பலர் வெட்டுகிறார்கள். குருவி கம்பளிப்பூச்சியைத் தொடாது, உண்மைதான். ஆனால் அந்த மரத்தில் அது மட்டுமா இருக்கிறது?

பெட்டி விஷயம்: எட்டு முதல் பத்து அடி உயரம். ஓட்டை ஒன்றேகால் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம், அதற்கு மேல் போனால் மைனா புகுந்துவிடும். முன்னால் உட்காரக் குச்சி வைக்காதீர்கள், அது பூனைக்கும் காக்கைக்கும்தான் உதவும். மேற்கு வெயில் நேராக அடிக்கக் கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரப் பெட்டி அடுப்பாகிவிடும், மரம் அல்லது மண் கலயம்தான் சரி. ஒன்றாக மாட்டாமல் இரண்டு மூன்றாக மாட்டுங்கள். பக்கத்தில் மின்விசிறி சுற்றக் கூடாது.

பாம்பனிலிருந்து: வெயில் காலத்தில் மாடியில் தண்ணி வைக்கிறோம். போர் தண்ணி உப்புக் கரிக்குது. அதை வைக்கலாமா அண்ணே?

வைக்காதீர்கள். கடற்காகமும் ஆலாவும் கடல் தண்ணீரையே குடிக்கும். கண்ணுக்கு மேலே உள்ள உப்புச் சுரப்பி மிகுதி உப்பை மூக்கு வழியே வெளியேற்றிவிடும். குருவி, மைனா, தவிட்டுக்குருவிக்கு அந்த வசதி இல்லை. நம் தீவில் நல்ல தண்ணீர் மனிதனுக்கே விலைக்கு வருகிறது, தெரியும். ஒரு டம்ளர் போதும். மண் தட்டு மாதிரி ஆழமில்லாத பாத்திரத்தில், ஓரமாக ஒரு கல் போட்டு, நிழலில் வையுங்கள். தினமும் கழுவி மாற்றுங்கள், இல்லையென்றால் கொசுப் புழு.

ராமேஸ்வரத்திலிருந்து: அமாவாசைக்குச் சோறு வெச்சிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலிக்குது. காக்கை வர மாட்டேங்குது. குறைஞ்சு போச்சா?

உங்கள் தெருவில் குறைந்திருக்கும். மீன் இறங்குகிற இடத்திலும் குப்பை கொட்டுகிற இடத்திலும் போய்ப் பாருங்கள், கூட்டமாக இருக்கும். காகம் கெட்டிக்காரப் பறவை, நிச்சயமாகச் சாப்பாடு கிடைக்கிற இடத்துக்குப் போகும். கூடு கட்டவும் ராத்திரி அடையவும் அதற்குப் பெரிய மரம் வேண்டும். நெடுஞ்சாலை அகலமாகும்போது போன புளியமரங்களும் வீட்டு வாசல் வேம்புகளும் திரும்ப வரவில்லை. மாதம் ஒரு நாள் வைப்பதற்குப் பதில் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் ஒரு கைச் சோறு வையுங்கள். பழகிவிட்டால் நீங்கள் கூப்பிடும் முன்பே வந்து உட்கார்ந்திருக்கும்.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கமிருந்து ஒரு விவசாயி: பறவை குறைஞ்சுதுன்னு சொல்றீங்க. எங்க மிளகாய்க் காட்டில் கிளி, வயலில் மயில். நாங்க தூங்கவே முடியலை. எங்கே குறைஞ்சுது?

உங்கள் ஆதங்கம் நியாயம் அண்ணே. மயில் நாடு முழுக்கப் பெருகியிருக்கிறது, மாடப்புறாவும் அப்படித்தான். மனிதன் மாற்றின நிலத்தில் எது கிடைத்தாலும் பிழைத்துக்கொள்கிற பறவை பெருகும். குறிப்பிட்ட ஒரு பொந்தையோ ஒரு பூச்சியையோ நம்பியிருக்கிற பறவை சரியும். கிளிக்கு முண்டு மிளகாய் உறைப்பதே இல்லை, பறவைகளின் நாக்கு அந்தக் காரத்தை உணராது. அதனால்தான் பழுத்த மிளகாயை அப்படி அள்ளுகிறது. கண்ணைப் பறிக்கிற பளபளப்பு நாடாவை வரப்பில் கட்டிப் பாருங்கள், இடம் மாற்றி மாற்றிக் கட்டினால்தான் பலன். மருந்து கலந்த இரை மட்டும் வைக்க வேண்டாம். சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம், செத்ததைத் தின்னும் நாய், பருந்து எல்லாம் சேர்ந்து சாகும்.

உங்கள் பக்கம் எது குறைந்தது என்று கேட்டால், பனங்காடையைச் சொல்வேன். மின்கம்பியில் மண் நிறமாக உட்கார்ந்திருக்கும், பறந்தால் நீலமாக விரியும். வெட்டுக்கிளியும் வண்டும் பிடித்து உங்களுக்கே உதவுகிற பறவை. அது சரிந்து வருவதை இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2023 அறிக்கை தனியாகவே எடுத்துச் சொன்னது. அது கூடு வைப்பது தலை போன மொட்டைப் பனையின் பொந்தில். கிளி, மைனா, புள்ளி ஆந்தைக்கும் அதுதான் வீடு. உயிருள்ள பனையோலையின் அடியில் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு வைக்கிற பனை உழவாரன் வேறு. பட்ட மரம்தானே என்று மொட்டைப் பனையைச் செங்கல் சூளைக்கு அனுப்புகிறோம். பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு 2021-இல் அறிவித்தது. உங்கள் வரப்பில் நிற்கிற மொட்டைப் பனையை விட்டுவையுங்கள் என்பதுதான் நான் உங்களிடம் கேட்பது.

கமுதியிலிருந்து: சீமைக்கருவேலத்தை ஒழித்தால் பறவை கூடுமா, குறையுமா?

எப்படி ஒழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த மரம் நிலத்தை மூடி, நாட்டு மரங்களை எழவிடாமல் செய்கிறது, அது எடுபட வேண்டியதுதான். ஆனால் வேறு மரமே இல்லாத ஊரில் தவிட்டுக்குருவிக்கும் சின்னானுக்கும் இன்று மறைவிடம் அதுதான். கண்மாய்க்குள் கொக்கும் நாரையும் நாட்டுக் கருவேலில் கூடு வைப்பதுபோல் இதிலும் வைக்கின்றன. ஜேசிபி விட்டு ஒரே வாரத்தில் மொட்டை அடித்தால் அவ்வளவும் வீதியில் நிற்கும். மழைக்குப் பின் கண்மாய் நிறைந்திருக்கும் கூடு கட்டும் மாதங்களில் தொடவே கூடாது. கோடையில், பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் நாட்டுக் கருவேல், உடைமரம், வேம்பு, வாகை வைத்துக்கொண்டே போக வேண்டும்.

தனுஷ்கோடியிலிருந்து: பூநாரை ஆயிரக்கணக்கில் வருதே, அப்ப நிலைமை நல்லாத்தானே இருக்கு?

அவை வலசை வருகிறவை. நம் கடலோரச் சேற்றுநிலம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம், சந்தோஷம்தான். 2025 ஜூனில் அங்கே பூநாரைச் சரணாலயம் அறிவித்தார்கள். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் கண்மாய்கள் அதே ஆண்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் சரணாலயத்தின் எல்லை ஊர் வாசலில் முடிந்துவிடுகிறது. வீட்டுக்குருவிக்கு யாரும் சரணாலயம் அறிவிக்கப் போவதில்லை.

சாயல்குடியிலிருந்து: எங்க தாத்தா காலத்தில் செத்த மாட்டைத் தின்னப் பாறு வருமாம். ஏன் இல்லை?

மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபெனாக். அந்த மாட்டின் இறைச்சியைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. கால்நடைக்கு அதை 2006-இல் தடை செய்தார்கள், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக்கை 2023-இல். தமிழ்நாட்டில் இப்போது மிச்சம் இருப்பது நீலகிரி, மாயாறு பக்கம்தான்.

தேவிபட்டினத்திலிருந்து பிளஸ் ஒன் மாணவி: கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைத் தொட்டால் தாய் சேர்க்காதா சார்?

சேர்க்கும் பாப்பா. மனித வாடை பட்டால் ஒதுக்கிவிடும் என்பது தவறு. இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வை. இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடந்தால் அது பறக்கப் பழகுகிறது, பூனை எட்டாத செடியில் உட்கார வைத்துவிட்டு விலகி நில். வாயில் தண்ணீர் ஊற்றாதே, மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

எடுத்து வைக்கும்போது காலைக் கவனி. நம் கடற்கரையில் அறுந்த தங்கூசி நரம்பை, அதாவது மீன்பிடி நைலான் இழையை, குருவியும் காக்கையும் நார் என்று நினைத்துக் கூட்டில் வைத்துவிடுகின்றன. குஞ்சு வளர வளர அது காலை இறுக்கும். விரல் கறுத்துப்போன ஒரு காக்கைக் குஞ்சை நான் பார்த்திருக்கிறேன். சின்னக் கத்தரியால் நறுக்கிவிடு, இழுக்காதே. உங்கள் வீட்டில் வலை பொத்துகிறவர்கள் இருந்தால், துண்டு நரம்பை மணலில் போடாமல் ஒரு டப்பாவில் சேர்க்கச் சொல்.

அதே மாணவி: எங்க ஊரில் எத்தனை பறவை இருக்குன்னு நாங்களே கணக்கெடுக்க முடியுமா?

தாராளமாக. ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் 15 நிமிடமாவது நின்று, பார்த்த பறவையையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் செயலியில் பதிய வேண்டும். காகம், மைனா, புறா எல்லாவற்றையும் எழுது. அபூர்வமானதை மட்டும் எழுதுவதால்தான் சாதாரணப் பறவை குறைவது யாருக்கும் தெரியாமல் போகிறது. உன் தெரு, பஸ் ஸ்டாண்டு, மீன் மார்க்கெட், ஊரணிக்கரை என்று நாலு இடம் எடுத்துக்கொள். அடுத்த வருஷமும் அதே இடம், அதே நேரம். பார்த்ததை முழுசாகப் பதிந்தால், குருவி இல்லாத தெரு எது என்பதும் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.