தடித்த உருண்டை எழுத்துருக்கள்: கேள்வி பதில்

கேள்வி: முனை உருண்ட, தடித்த ஃபான்ட்டில் புத்தகம் முழுவதையும் அச்சடிக்கலாமா?

பதில்: வேண்டாம். அது தலைப்புக்கானது. சிறிய அளவில் எழுத்தின் உள்வெளி, அதாவது எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம், அடைபட்டுப் படிப்பவரின் கண் களைத்துவிடும்.

கேள்வி: தமிழில் அப்படி ஒன்று சொல்லுங்கள் சார்.

பதில்: பலூ தம்பி 2. எக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்பு நிறுவனம் உருவாக்கியது, கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசம், ரெகுலர் (சாதாரணம்) முதல் எக்ஸ்ட்ராபோல்ட் (மிகத் தடித்தது) வரை ஐந்து தடிமன்கள்.

தமிழைத் தடிமனாக வரைவது லேசான வேலை இல்லை. 'ப'வுக்குள் தாராளமாக இடம் இருக்கிறது. 'ண', 'ஞ', 'இ' அப்படியல்ல. சுழியும் வளைவும் நெருக்கியடித்து நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒரே தடிமன் கொடுத்தால் 'ண' மட்டும் கறுப்புத் திட்டாகத் தெரியும். அதனால் நல்ல வடிவமைப்பாளர் அங்கே கோட்டைக் கொஞ்சம் மெலிதாக்குவார், எழுத்தை அகலப்படுத்துவார். புள்ளியும் கவனிக்க வேண்டியது: கோடு தடிக்கத் தடிக்க அதுவும் பெருத்து, எழுத்தோடு ஒட்டப் பார்க்கும். எந்த ஃபான்ட்டையும் எடுப்பதற்கு முன் 'ண், ஞை, இ, ஸ்ரீ' என்று அடித்துப் பாருங்கள். அதில் தேறினால் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இன்னும் தடிமனாக்க போல்ட் பொத்தானை அழுத்தலாமா?

பதில்: தயவுசெய்து கூடாது. அந்த ஃபான்ட்டுக்கு அதைவிடத் தடித்த வடிவம் இல்லையென்றால், மென்பொருள் தானாகவே கோட்டை வீங்க வைக்கும். சுழிகள் மூடிக்கொள்ளும்.

கேள்வி: சாதாரண ஃபான்ட்டைச் சுற்றி உருண்டை மூலையோடு கோடு கொடுத்தால் இதே தோற்றம் வராதா?

பதில்: வராது. வெளி மூலை உருளும், உள்மூலை கூராகவே இருக்கும். தடிமன் கூடுவதால் உள்வெளியும் சுருங்கும். போல்ட் பொத்தான் செய்யும் அதே கேடு.

கேள்வி: எப்படிச் சொன்னாலும் இது குழந்தைத்தனமான எழுத்துதானே?

பதில்: ஒப்புக்கொள்ள மாட்டேன். வி.ஏ.ஜி. ரவுண்டட் என்ற உருண்டை எழுத்துரு 1970களின் இறுதியில் ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனத்துக்காக வரையப்பட்டது. ஆப்பிள் விசைப்பலகைகளிலும் பல ஆண்டுகள் அதுதான் இருந்தது. இதில் குழந்தைத்தனம் எங்கே இருக்கிறது?

கேள்வி: அது மெலிதாக இருந்தது. தடித்தால் பொம்மைக் கடைதான்!

பதில்: விசைகளில் மெலிதுதான், சரி. ஆனால் பொம்மைத்தனம் தடிமனால் மட்டும் வருவதில்லை. எழுத்துகளை மேலும் கீழும் ஆட விடுவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் பூசுவது, இதெல்லாம் சேரும்போதுதான் வருகிறது. அதே எழுத்தை ஒரே நிறத்தில், நேர்வரியில், சுற்றிலும் வெற்றிடம் விட்டு வையுங்கள். அமைதியாக நிற்கும். இரங்கல் செய்திக்கு நானும் எடுக்க மாட்டேன். மருந்தகம், நூலகம், பேருந்து வழிகாட்டி எல்லாவற்றுக்கும் தயங்காமல் எடுப்பேன்.

கேள்வி: பலகையில் செதுக்க ஏற்றதா?

பதில்: மிகவும். செதுக்கும் இயந்திரத்தில் சுழலும் வெட்டுமுனை வட்டமானது, உள்மூலையைக் கூராக வெட்ட அதனால் முடியாது. உருண்டை எழுத்தில் அந்தச் சிக்கலே பெரிதாக எழாது. ஒட்டுத்தாளிலும் கூர்முனைகள்தான் முதலில் உரியும்.

கேள்வி: பலூ தம்பியில் எக்ஸ்ட்ராபோல்ட் போட்டும் எடுப்பாக இல்லை. போல்ட் பொத்தானை...

பதில்: மேலே சொல்லிவிட்டேன், கூடாது. அளவைக் கூட்டுங்கள். அப்புறம் பின்னணி நிறத்தையும் மாற்றிப் பாருங்கள்.